கதவடி இரும்பு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை கடலோரமாக ஓடும் பெருந்தெருவின் இருமருங்கிலும் ஊருக்கு ஊர் வெல்டிங் கடைகள் இருக்கின்றன. நம் ஊர்களின் பெருமையைச் சொல்ல வருகிறவர்கள் பள்ளிவாசல்களை எண்ணுவார்கள், பாடசாலைகளை எண்ணுவார்கள், அவற்றின் மாடிகளையுங்கூட எண்ணுவார்கள். தகரக் கூரையும் எண்ணெய்க் கறை படிந்த மண் தரையுமாக நிற்கும் இந்தக் கடைகளை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயினும் இவை ஒரு வாரம் பூட்டிக் கிடந்தால் இப்பகுதியின் வேளாண்மையும் மீன்பிடியும் என்னவாகும் என்று சற்றே சிந்தித்துப் பார்த்தல் நன்று.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு வெல்டிங் கடையில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். நாள்தோறும் அத்தகைய கடையொன்றைக் கடந்தே நாம் பாடசாலைக்குச் செல்கிறோம். நம்மிடம் சாதாரண தரம்வரை கற்ற மாணவன் ஒருவன் இன்று அங்கே தொழில் செய்கிறான். அவன் கைவேலையை நின்று பார்க்கத் தொடங்கிய நாள் முதலாக, அறிவு என்று நம் சமுதாயம் எதனை ஒப்புக்கொள்கிறது, எதனை ஒதுக்கிவைக்கிறது என்ற கேள்வி நம்மை விட்டகலவில்லை. அக்கேள்வியை ஆகாயத்தில் நின்று பேசுவதினும் ஒரு துண்டு இரும்பை முன்வைத்துப் பேசுவதே மேல். நாம் எடுத்துக்கொண்ட துண்டு மிகச் சிறியது. ஜீப் வண்டியின் கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் ஓடுகிறதே ஒரு தகட்டுப் பெட்டி, அதுதான். வீட்டின் வாசற்படிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரையே அதற்கும் வழங்குகிறார்கள். கதவடித் தகடு என்று நாம் அதனைச் சொல்லிக்கொள்வோம்.

எங்கள் ஊர்களின் கிடக்கை வாசகர்கள் அறிந்ததே. கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். நடுவே ஒடுங்கிய மணற்பட்டை. அந்தப் பட்டையின்மேல் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று முஸ்லிம்களும் தமிழரும் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். வீடு கடற்பக்கம், பிழைப்பு வயற்பக்கம். ஆகவே இங்குள்ள ஜீப் வண்டி பகலெல்லாம் வட்டையில் வாய்க்கால் வரம்போடு சேற்றில் உழன்றுவிட்டு, இரவில் கடற்காற்றுக்கு முகங்கொடுத்து நின்று உறங்குகிறது. மீன் ஏற்றும் வண்டியாயின் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புநீர் வேறு. சேறும் உப்பும் ஒருங்கே சேர்ந்து முதலில் தின்பது கதவடித் தகட்டைத்தான்.

அது ஏன் முதலில் அழிகிறது? வண்டி செய்தவர்கள் அதனை உள்ளே வெற்றிடமுள்ள பெட்டியாக, ஒரு மில்லிமீற்றர் அளவேயான மெல்லிய தகட்டை மடித்துச் செய்கிறார்கள். உள்ளே புகும் நீர் வெளியேற அடியில் சிறு துளைகள் விடுகிறார்கள். அவர்களுடைய தெருக்களுக்கு அது போதும். நம் வயற்களியோ ஒரே பருவத்தில் அத்துளைகளை அடைத்துவிடுகிறது. பிறகு பெட்டிக்குள் ஈரம் சிறைப்படும். கோடையில் காய்ந்துவிடாதா என்று கேட்கலாம். கடலுப்பில் சோடியம் குளோரைட்டோடு மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது வறண்ட காற்றிலிருந்தும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளவல்லது. எனவே மாரியில் தொடங்கிய துரு கோடையிலும் ஓய்வதில்லை. துருவானது தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மடிப்பின் இடுக்கில் அது பருத்துப் பருத்து, இறுதியில் தகடுகளின் பொருத்தையே பிளந்துவிடுகிறது. வெளியே வர்ணம் பளபளவென்றிருக்கும். பெருவிரலால் அழுத்தினால் அப்பளம்போல் நொறுங்கும்.

இந்த வண்டிகளின் பிறப்பைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். லாண்ட்ரோவர் வண்டி 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியிலே உலகுக்கு அறிமுகமாயிற்று. யுத்தத்தால் இளைத்துப்போன பிரித்தானியாவில் அப்போது இரும்புத் தகடு பங்கீட்டுப் பொருள். ஆகையால் ரோவர் கம்பனியார் வண்டியின் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டத்தை இரும்பிலன்றிச் செய்ய இயலாது. அதற்கு வேண்டிய பெரிய அச்சு இயந்திரங்களுக்குச் செலவிடப் பணமுமில்லை. என் செய்தார்கள்? தட்டையான இரும்புப் பட்டைகளை நான்கு பக்கமும் சேர்த்து வெல்டிங் செய்து, பெட்டி வடிவான சட்டங்களை உண்டாக்கிக்கொண்டார்கள். பஞ்சத்தில் பிறந்த அந்த உபாயம் பொறியியலின் வெற்றியென்று போற்றப்பட்டது. 2016 ஜனவரியில் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து அம்மரபின் கடைசி வண்டி வெளிவந்தபோது உலகப் பத்திரிகைகள் அதற்கு இரங்கல் எழுதின.

(அலுமினிய உடலென்றால் துருப்பிடிக்காதே என்று மகிழவேண்டாம். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் படியுமாயின் அங்கே ஒரு சிறிய பற்றரி உருவாகிறது. அதில் அலுமினியம் கரைந்து வெண்பொடியாகிறது. கடலோரத்தில் எந்த உலோகத்துக்கும் விடுதலையில்லை.)

எங்கள் பகுதிக்குப் பெரும் இயந்திரங்கள் வந்தது கல்லோயாத் திட்டத்தோடு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் அமெரிக்காவின் மோரிசன் நூட்சன் கம்பனி அணை கட்டிற்று. நீர் வந்தது, வயல் விரிந்தது, உழவு இயந்திரமும் ஜீப்பும் வயல்வழிக்குப் பழகின. இன்று வட்டைகளில் ஓடுவன மிட்சுபிஷி, மஹிந்திரா, லாண்ட்ரோவர் என்று பலவகை. பெரும்பாலானவற்றுக்கு அவற்றை ஓட்டுபவனைவிட வயது அதிகம். புதிது வாங்கலாமே என்பது கொழும்பிலிருந்து பேசும் பேச்சு. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்கவென்று வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து வேளாண்மை விழுந்தது. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். வழி திறந்த பின்னரும் வரிச்சுமையோடு புது வண்டி வாங்கவல்ல விவசாயி எத்தனை பேர்? இருப்பதைப் பிழைக்கவைப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை. அந்தப் பிழைப்பூட்டும் பொறுப்பு நாம் கணக்கில் சேர்க்காத தகரக் கொட்டில்களின்மேல் விழுந்தது.

உளுத்த கதவடித் தகட்டைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஓட்டையைப் புட்டி என்னும் பசையால் அடைத்து, தேய்த்து, வர்ணம் பூசிவிடுவது. விற்பனைக்கு வரும் வண்டிகள் பல இந்த அலங்காரத்தோடு வருகின்றன. இரண்டாவது, புதுத் தகடு மடித்து வைப்பது. பழைய வண்டிகளுக்கு அளவான தகடு கிடைப்பதில்லை. மெல்லிய தகட்டை உருகி ஓடாமல் இணைப்பதற்கு வாயுவோடு இயங்கும் வெல்டிங் இயந்திரம் வேண்டும். குச்சி வைத்து ஒட்டும் சாதாரண இயந்திரமே உள்ள கடையில் ஒரு மில்லிமீற்றர்த் தகட்டைத் தொட்டால் ஒட்டுக்குப் பதிலாக ஓட்டைதான் விழும். மூன்றாவது வழி, பொக்ஸ் பார் எனப்படும் சதுரக் குழாயை வைப்பது. வீட்டுப் படலைக்கும் கூரைக்கும் பயன்படுவதால் எந்த இரும்புக் கடையிலும் இருபதடி நீளத்தில் அது கிடைக்கும். நம் மாணவன் தொழில் பயிலும் கடையின் பாஸ் இம்மூன்றாம் வழிக்காரர்.

“தகட்ட வெச்சா ரெண்டு மாரி தாங்காது சேர். பொக்ஸ் பார வெச்சா வண்டி போனாலும் இது நிக்கும்” என்றார் அவர் ஒருநாள்.

வேலையின் ஒழுங்கை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். முதலில் பற்றரியின் தொடுப்பைக் கழற்றுவார்கள். இல்லையேல் வெல்டிங் மின்சாரம் வண்டியின் மின்பொறியைக் கெடுத்துவிடும். எண்ணெய்த் தாங்கியையும் குழாயையும் அகற்றுவார்கள் அல்லது ஈரச்சாக்கால் மூடுவார்கள். வண்டியை நான்கு இடத்தில் சமமாகத் தாங்கி நிறுத்துவார்கள். அடுத்து நடப்பதுதான் நம்மை வியக்கவைத்தது. வெட்டுவதற்கு முன்னரே, கதவு வாசலின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியைத் தற்காலிகமாக ஒட்டிவிடுவார்கள். கதவடியை வெட்டியதும் வண்டியின் உடல் தன் பாரத்தால் தளர்ந்து வாசல் கோணிவிடும்; கோணிய நிலையில் குழாயை வைத்து ஒட்டினால் ஆயுளுக்கும் கதவு பூட்டாது. ஆகவே வெட்டுமுன் அளவைப் பூட்டி வைக்கிறார்கள். பெரிய கட்டடங்களில் சுவரை உடைக்குமுன் முட்டுக் கொடுக்கும் பொறியியலாளரின் நியாயம் இதுவன்றோ?

பிறகு கிரைண்டரால் உளுத்த பாகத்தை வெட்டி எறிவார்கள். நல்ல இரும்பு தோன்றும்வரை வெட்டவேண்டும். துருவின்மேல் ஒட்டு பிடிக்காது. மூன்றங்குல உயரமும் இரண்டங்குல அகலமும் மூன்று மில்லிமீற்றர்க் கனமுமுள்ள குழாயை அளந்து வைத்து, முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி ஒட்டுக்கள் இடுவார்கள். கதவைப் பூட்டித் திறந்து பார்ப்பார்கள். சரியென்று கண்ட பின்னரே முழு ஒட்டு. அதுவும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பாக அன்று. இங்கே ஓரங்குலம், அங்கே ஓரங்குலம், பிறகு மறுபக்கம் என்று மாறிமாறி இடுவார்கள். ஒரே இடத்தில் சூடு ஏறினால் இரும்பு வளைந்துவிடும். பழைய மெல்லிய தகடும் புதிய தடித்த குழாயும் சேரும் ஓரத்தில் நெருப்பைக் குழாயின் பக்கமே வைத்து, தகட்டின் பக்கம் தொட்டும் தொடாமலும் இழுக்கவேண்டும். இதற்குக் கண்ணும் கையும் மட்டும் போதா. உருகும் இரும்பின் ஒலியைக் காதால் கேட்டறியவேண்டும் என்கிறான் நம் மாணவன். இறுதியில் முனைகளை மூடி, அடியில் விரல் நுழையும் துளைகள் இட்டு, நாகம் கலந்த வர்ணம் பூசி, உள்ளே பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள்.

இதில் நட்டமே இல்லையா என்றால் உண்டு. அத்தகைய குழாய் மீற்றருக்கு ஐந்தரைக் கிலோ நிறை. பழைய தகட்டைப்போல் இருமடங்குக்கும் மேல். அழகும் குறைவு. ஆனால் வயல்வரம்பின் கல்லொன்றில் வண்டி அடிவயிறு தட்டி நிற்கும்போது தகடு நசுங்கும், குழாய் தாங்கும். அந்த இடத்திலேயே ஜாக்கை முட்டுக்கொடுத்து வண்டியைத் தூக்கவும் செய்யலாம்.

குழாயின் வலிமையை விளங்கிக்கொள்ள விஞ்ஞானகூடம் வேண்டியதில்லை. ஒரு கொப்பித்தாளைத் தட்டையாக நிறுத்திப் பாருங்கள், நிற்காது. சுருட்டி நிறுத்தினால் ஒரு புத்தகத்தைத் தாங்கும். இனி, சுருட்டிய தாளின் ஓரத்தை ஒட்டாமல் இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள், இலகுவில் முறுகும். ஓரத்தைப் பசையால் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். அதே தாள்தான், பன்மடங்கு எதிர்க்கும். கதவடித் தகட்டின் பொருத்தைத் துரு பிளந்துவிட்டால், அது ஓரம் ஒட்டாத சுருளாகிறது. ஒரு சக்கரம் வரம்பிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலுமாக ஏறும் வேளையில் வண்டியின் உடல் முறுகுகிறது. கதவு இறுகித் திறக்க மறுக்கிறது. பாஸ் இதனைத் தாளில் எழுதிக் கற்றவரல்லர். ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கால் உயர்த்தி, கதவின் இடைவெளி மாறுகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுகிறார்.

யாப்பிலக்கணம் கற்பிக்கும்போது ஆசிடை நேரிசை வெண்பா என்ற ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டாம் அடியின் கடைசிச் சீரும் தனிச்சொல்லும் இசையாது விலகி நிற்குமிடத்து, இடையில் ஓரசையோ ஈரசையோ இட்டு இணைப்பர். அதற்கு ஆசு என்று பெயர். பொற்கொல்லர் பொன்னோடு பொன்னை இணைக்க வைக்கும் பற்றாசிலிருந்து வந்த பெயர் அது. புலவர்கள் தம் செய்யுளின் நுட்பத்துக்குக் கொல்லனின் பட்டறையிலிருந்து பெயர் கடன் வாங்கத் தயங்கவில்லை! இன்றைய வெல்டிங் பற்றாசினும் ஒருபடி மேலானது. பற்றாசு தான் உருகி இரண்டையும் பிடிக்கிறது. வெல்டிங்கிலோ இரண்டு இரும்புகளின் ஓரங்களும் உருகிக் குச்சியின் இரும்போடு கலந்து ஒன்றாகின்றன. இவ்வாண்டு ஆசிடை வெண்பாவை விளக்கியபோது வெல்டிங்கை உதாரணம் காட்டினோம். வழக்கமாகப் பின்வாங்கில் உறங்கும் இருவர் தலைநிமிர்ந்தார்கள். ஒருவனின் வாப்பா வெல்டிங் தொழிலாளி என்பது அன்றுதான் வகுப்புக்குத் தெரிந்தது. அதுவரை அவன் ‘வியாபாரம்’ என்றே சொல்லிவந்தான்.

இந்த மறைப்பு எங்கிருந்து வந்தது? சோலிஹல் தொழிற்சாலையார் தட்டுப்பாட்டினால் பட்டைகளை ஒட்டிப் பெட்டிச் சட்டம் செய்தால் அது பொறியியல். அதே தட்டுப்பாட்டினால் கல்முனைக்குடித் தொழிலாளி பெட்டிக் குழாயை ஒட்டினால் அது ‘ஒட்டு வேலை’, ‘டிங்கர் வேலை’. செயலில் வேற்றுமையில்லை, செய்பவன் நிற்கும் இடத்தில்தான் வேற்றுமை. யெவ்கேனி பட்டோன் என்ற பாலப் பொறியியலாளர் அறுபதை நெருங்கும் வயதில் வெல்டிங் ஆராய்ச்சிக்குத் திரும்பி, 1934இல் கீவ் நகரில் அதற்கென்றே ஒரு நிறுவகத்தை அமைத்தார். முழுவதும் வெல்டிங்கினால் இணைக்கப்பட்ட பெரும்பாலம் ஒன்று தினிப்பர் நதியின்மேல் 1953 நவம்பரில் திறக்கப்பட்டது. சில மாதங்களுக்கு முன்னரே மறைந்துவிட்ட அவருடைய பெயரை அப்பாலம் தாங்கி நிற்கிறது. ஒட்டும் தொழிலுக்கு அத்தகைய மதிப்பளித்த நாடுகளும் உலகில் இருந்தன என்பதற்காகச் சொல்கிறோம்.

அறிவில்லாதவன் எல்லா வேலையையும் ஏற்பான். எதை ஏற்கலாகாது என்று தெரிந்தவனே தொழிலறிந்தவன். சென்ற வருடம் வசதிபடைத்த ஒருவர் தம் காரைக் கொண்டுவந்து, ஜீப்புக்குச் செய்ததுபோல் இதற்கும் குழாய் வைத்துத் தரும்படி கேட்டார். கேட்ட கூலியைத் தருவதாகவும் சொன்னார். பாஸ் கீழே குனிந்து பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். “காக்கா, ஏன் விட்டுட்டீங்க?” என்று பின்னர் கேட்டோம்.

“ஜீப்புக்குக் கீழ செசி இரிக்கி சேர், பாரத்த அது தாங்கும். காருக்குச் செசி இல்ல, இதுதான் முள்ளந்தண்டு. நான் வெட்டிப்போட்டு இரும்ப வெச்சா, அடிபட்டா எந்தப் பக்கம் மடியும் எண்டு ஆருக்குத் தெரியும்? புள்ளகுட்டியோட போற வண்டி. நான் தொடமாட்டன்.”

அடிச்சட்டமுள்ள வண்டியில் உடல் வேறு, சட்டம் வேறு. கதவடி பெரும்பாலும் உடலைச் சேர்ந்தது. இடையில் இறப்பர் வைத்துத்தான் உடலை அமர்த்தியிருப்பார்கள். ஆகவே குழாயை உடலோடும் சட்டத்தோடும் சேர்த்து இறுக ஒட்டிவிடுவதும் ஆகாது; அசையவேண்டியது அசையாவிடின் வேறிடத்தில் வெடிக்கும். அடிச்சட்டமில்லாத காரிலோ கதவடியே பாரத்தைத் தாங்குகிறது. மோதலின்போது உயிரைக் காக்கும்படி அளந்து செய்யப்படுகிறது. பொறியியற் பீடத்தில் கற்பிக்கப்படும் இந்த வேற்றுமையை எட்டாம் வகுப்போடு நின்றவர் ஒருவர் தம் மொழியில் சில வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

இனி, இந்த அறிவுக்குச் செலுத்தப்படும் விலையைப் பார்ப்போம். நம் மாணவன் வகுப்பிலிருந்த காலத்திலேயே விடுமுறைகளில் கடைக்குப் போய்வந்தான். சில நாட்களில் கண் செக்கச்சிவந்து, நீர் வடிய வந்து அமர்வான். அவனை வேறு சந்தேகத்தோடு நோக்கிய ஆசிரியரும் இருந்தார். அது வெல்டிங் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்படலத்தைச் சுட்ட காயம். சுடும்போது தெரியாது, ஆறேழு மணி நேரங் கழித்து, நள்ளிரவில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டாற்போல் எரியும். உருளைக்கிழங்கை வெட்டி வைப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள். முறையான கறுப்புக் கண்ணாடிக் கவசம் இருந்தால் இது எதுவும் வேண்டாம். புள்ளி ஒட்டு இடுகையில் இரு கைகளும் வேண்டியிருப்பதால் கையில் பிடிக்கும் கவசத்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள். தலையில் மாட்டும் கவசம் கடைக்கு ஒன்று இருந்தால் அது பாஸின் தலையில் இருக்கும்.

புகை இன்னொரு பகை. நாகப் பூச்சுள்ள குழாயை ஒட்டினால் வெண்புகை எழும். அதனைச் சுவாசித்தவனுக்கு மாலையில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும், ஒருநாளில் நீங்கும். தொடர்ந்து சுவாசிப்பவனுக்கு உடல் பழகிவிடுகிறது. ஓய்வுநாள் கழிந்து திரும்பிய அன்றே மீண்டும் தாக்குகிறது. மேனாட்டுத் தொழிலாளர் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று பெயரிட்டார்கள். வெள்ளியன்று கடை பூட்டும் எங்கள் ஊர்களில் சனிக்கிழமைக் காய்ச்சல் என்றல்லவோ சொல்லவேண்டும்! முதன்முறை வந்தபோது அவனுடைய உம்மா டெங்கு என்று பதறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினார். பால் குடித்தால் புகை இறங்கும் என்பது கடைகளில் நிலவும் நம்பிக்கை. நுரையீரலுக்குள் போனதைப் பால் என்ன செய்யும்? 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்திவிட்டது. நாகப் பூச்சற்ற கறுப்புக் குழாயை எடுப்பது, பூச்சிருந்தால் ஒட்டும் இடத்தில் முன்கூட்டியே அரைத்து நீக்குவது, காற்றோட்டமான இடத்தில் புகைக்கு மேற்காற்றுப் பக்கமாக நிற்பது, தகுந்த மூக்குக்கவசம் அணிவது ஆகிய இவை பெரும் செலவில்லாத காப்புகள்.

சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்பைப் பேசுகிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியைப் பேசுகிறது. நாட்கூலிக்கு நிற்கும் பையனிடம் இவை வந்து சேர்வதில்லை. இதற்காகப் பாஸை முதலாளி வர்க்கத்தில் நிறுத்திக் கூண்டிலேற்றினால் அது எளிதான தீர்ப்பாகும், நியாயமாகாது. அவரே குச்சிப் பெட்டியைக் கடனுக்கு வாங்குகிறார். வர்ணக் கடையில் பேரம் பேசாது எண்ணிக் கொடுக்கும் வண்டிக்காரர்கள் வெல்டிங் கடையில் ஆயிரம் ரூபாவுக்கு அரைநாள் வாதாடுவதை நாம் கண்டிருக்கிறோம். வர்ணம் ஊருக்குத் தெரியும். கதவடியில் உள்ள ஒட்டைக் குனிந்து பார்ப்பவர் யார்? கவசத்துக்கான காசு அந்த ஆயிரத்துக்குள்தான் இருக்கிறது.

நம் மாணவனுக்கு இப்போது வயது பத்தொன்பது. ஊரின் மற்ற இளைஞரைப்போல் அவன் பார்வையும் கட்டார் மீதிருக்கிறது. சான்றிதழ் இன்றிப் போனால் உதவியாள் வேலை. தகுதி காட்டிப் போனால் வெல்டர் வேலை. இரண்டுக்கும் கூலியில் பெருவித்தியாசம். கற்ற தொழிலைப் பரீட்சித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. வகுப்பில் அமர்ந்து கற்காமல் பட்டறையில் கற்றவனும் அதற்குத் தோற்றலாம். 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவும் தொடங்கப்பட்டது. ஆயினும் கணிதத்தில் தவறிய பையனுக்கு அந்த வாசல்களைக் காட்டுவோர் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைகளின் படங்களைப் பாடசாலைச் சுவரில் மாட்டுகிறோம். தொழிற்சான்றிதழ் பெற்றவனின் படம் மாட்டிய சுவரை நாம் இதுவரை கண்டதில்லை.

விண்ணப்பிக்க அவனோடு ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள்; மூன்றாம் முறையே கிடைத்தது. செய்த வேலைகளை விவரித்து ஒரு குறிப்பேடு இணைக்கவேண்டியிருந்தது. மூன்று மாலைகள் கடையின் மரவாங்கில் அமர்ந்து அவன் சொல்லச்சொல்ல நாம் எழுதினோம். முட்டுக்கம்பி, புள்ளி ஒட்டு, விட்டுவிட்டு ஒட்டுதல், வடிதுளை என்று ஒவ்வொரு படிக்கும் பெயரிட்டோம். ‘டெக்’ என்றால்தான் பரீட்சகருக்கு விளங்கும் என்று அவன் வற்புறுத்திய இடங்களில் அதனையும் எழுதினோம். எழுதி முடித்ததை அவன் உரக்க வாசிக்க, பாஸ் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டிருந்தார். அவர் பழக்கிய தொழில் முழுவதும் ஒன்பது பக்கங்களில் அடங்கியிருந்தது.

“எல்லாம் சரி, மனே. கார் வந்தா திருப்பி அனுப்பிற எண்டதையும் போடச் சொல்லு” என்றார்.

அதையும் தனிப்பத்தியாகச் சேர்த்தோம். பெருநாளுக்குப் பின்னர் மதிப்பீட்டாளர் வருவாரென்று சொல்லியிருக்கிறார்கள். சம்மாந்துறை வட்டையிலிருந்து வந்த பழைய ஜீப்பொன்று கதவடி வெட்டப்பட்டு, வாசலில் முட்டுக்கம்பியோடு கடையில் நிற்கிறது. அறுவடைக்குமுன் அது இறங்கவேண்டும்.